இளையோர் பாத்திரத்திற்கு உடை தெரிதல்

மாணவர் படமெடுக்கப் புகுங்கால், பதினாறு வயதுப் பாத்திரத்தின் உடையை நிறமும் நாகரிகமும் நோக்கியே தெரிந்தெடுப்பர். அவ்வுடை கதையில் யாது தொழில் செய்கின்றது என்று வினவுவார் சிலரே.

1955ஆம் ஆண்டு நிக்கலஸ் ரே இயக்கத்தில் வெளிவந்த ‘ரெபல் விதவுட் எ காஸ்’ என்னும் அமெரிக்கப் படத்தை நோக்குக. உடையமைத்தவர் மாஸ் மேப்ரி. புதிய பள்ளிக்கு முதல்நாள் செல்லும் ஜிம், பெரியோரைப்போலப் பழுப்புநிற மேற்சட்டை அணிந்துள்ளான். அன்றிரவு மோட்டார்ப் பந்தயத்திற்குப் புறப்படுகையில் செந்நிற மேற்சட்டையை மாட்டிக்கொள்கிறான். கறுப்பு வெள்ளையில் தொடங்கிய படம் இடையில் வண்ணத்திற்கு மாறியிராவிடின், அச்செம்மை சாம்பலாகவே தோன்றியிருக்கும். எனினும் அச்சட்டையின் சிறப்பு நிறத்தளவில் நிற்பதன்று.

படத் தொடக்கத்தில், காவல் நிலையத்தில் குளிரால் நடுங்கும் பிளேட்டோ என்னும் சிறுவனுக்கு ஜிம் தன் மேற்சட்டையை நீட்டுகிறான், அவன் மறுக்கிறான். இறுதியில் ஜிம் ஈந்த செஞ்சட்டையை அவன் ஏற்று அணிந்து வெளிவர, காவலர் சுட்டுவிடுகின்றனர். பின்னர்த் தந்தை தம் மேற்சட்டையைக் கழற்றி மகன் தோளிற் போர்த்துகிறார். பேச்சால் உணர்த்தவொண்ணாத பரிவை இங்கே துணி உணர்த்துகின்றது.

ஆதலின் துணிக்கடைக்குச் செல்லுமுன் கதையேட்டை விரித்து, பாத்திரம் தன் உடையைக் கழற்றும் இடமும், பிறர்க்கு ஈயும் இடமும் உளவோ எனக் காண்க. அதற்குரிய சட்டை ஒன்றை ஆராய்ந்து வாங்கின், ஏனையவற்றை நடிப்போர் தத்தம் வீட்டினின்றே கொண்டுவரலாம்.