வைரஸ் வந்திருக்கிறதாம், மெயில் சொல்கிறது!

கேள்வி: "உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த லிங்க்கைத் திறந்து சுத்தம் செய்யவும்" என்று அடிக்கடி மெயில் வருகிறது. நம்புவதா, விடுவதா?

பதில்: விட்டுத் தள்ளுங்கள். உங்கள் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று எங்கோ உட்கார்ந்து மெயில் அனுப்புகிறவருக்கு எப்படித் தெரியும்? ஆன்டிவைரஸ் எதையாவது பிடித்தால் திரையிலேயே சொல்லிவிடும். அனுப்புநர் பெயரில் பிரபல நிறுவனம் இருக்கலாம். பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதன் பக்கத்தில் உள்ள முகவரியைப் பாருங்கள், பெரும்பாலும் சாயம் வெளுத்துவிடும்.

லிங்க்கே இல்லாத மெயிலும் உண்டு. 2001-இல் 'சல்ஃப்என்பிகே' என்ற ஃபைல் ஒரு வைரஸ், தேடி அழியுங்கள் என்றொரு மெயில் பரவியது. அது விண்டோஸின் சொந்த ஃபைல்! பலர் தாங்களே அதை அழித்துவிட்டு, நல்லெண்ணத்தோடு நண்பர்களுக்கும் மெயிலை அனுப்பிவைத்தார்கள். வைரஸ் எழுதும் சிரமம்கூட இல்லாத வைரஸ். இன்றைய தந்திரம் இன்னும் மோசம்: மெயிலில் ஒரு ஃபோன் நம்பர் மட்டும் இருக்கும். அழைத்தால், 'சரிசெய்து தருகிறேன்' என்று எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்வார்கள். அனுமதி கொடுத்தால் உங்கள் கணினி அவர்கள் கையில்.

மனசு கேட்கவில்லையா? விண்டோஸ் 10, 11-இல் கூடவே வரும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து முழு ஸ்கேன் ஓட்டுங்கள். ஏற்கெனவே பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் வெட்கப்பட்டுத் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.