ஜெய்சங்கரின் குதிரையும் கீறல் விழுந்த சீடியும்

ஜெய்சங்கரைக் கௌபாயாக்கி எம். கர்ணன் எடுத்த படங்கள் இவை: ‘காலம் வெல்லும்’ (1970), 1972இல் ‘கங்கா’வும் ‘ஜக்கம்மா’வும், 1975இல் ‘எங்க பாட்டன் சொத்து’. மருதமுனையில் யாருடைய வீட்டு அலுமாரியிலாவது இவற்றின் வீடியோ சீடி கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். படத்தின் குறை எது, சீடியின் குறை எது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும், பார்க்கலாம்.

முதலில் துடையுங்கள். துவைத்துத் துவைத்து மெலிந்த நம்மூர்க் கைத்தறிச் சாறன் துண்டு இதற்கு நல்லது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு ஓடிப் பெரிய சேதமாகும். படம் அச்சிட்ட மேற்பக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். பதிவு அந்த அச்சுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. கடற்காற்றின் உப்பு ஈரத்தில் அது உரிந்துவிட்டால் வைத்தியமே இல்லை.

ஓடுகிறது என்றால் அன்றைக்கே பிரதி எடுங்கள். சீடி போடும் பழைய லெப்டொப்பில் ‘எம்பெக்ஏவி’ என்ற கோப்புறையைத் திறந்தால் ‘டாட்’ என்று முடியும் பெரிய கோப்பு இருக்கும். அதைப் பென்ட்ரைவில் போட்டு விஎல்சியில் பாருங்கள். ஒரு சீடியில் ஏறக்குறைய 74 நிமிடம்தான் அடங்கும். சண்டை நடுவில் அறுந்து அடுத்த சீடிக்குப் போகும் தொல்லையும் இதோடு தீரும்.

அடுத்தது திரையின் அளவு. பலரும் கெடுப்பது இங்கேதான். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமே 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்திய ‘கங்கா’வையும் ‘ஜக்கம்மா’வையும் இன்றைய அகல டீவியில் இழுத்து நிரப்பினால் ஜெய்சங்கர் குண்டாவார், குதிரை நீளும். 4:3 என்று மாற்றுங்கள். வண்டிச் சில்லு வட்டமாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் கறுப்பாக நிற்கட்டும். கர்ணன் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். மலையும் வெயிலும் காசு கேட்காது என்று தெரிந்தவர். அவர் வைத்த சட்டகத்தை நாம் ஏன் நசுக்க வேண்டும்?

வீடியோ சீடியில் குறுக்கே 352, நெடுக்கே 288 புள்ளிகள்தான். பெரிய டீவி என்றால் தள்ளி உட்காருங்கள். கூர்மையைக் கூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். அது கட்டம் கட்டமான உடைவைத்தான் கூர்மையாக்கும். அந்தக் காலத்தில் இரவுக் காட்சிகள் பலவற்றைப் பகலிலேயே எடுத்து இருட்டாக்கினார்கள். சீடியில் அது கரிக்குழம்பாகிவிடும். விஎல்சியில் ‘காமா’வைக் கொஞ்சம் ஏற்றினால் முகங்கள் வெளியே வரும். நிழல் பட்டப்பகல் போல விழுவதும் அப்போது தெரியும். அதற்குத் தாராளமாகச் சிரிக்கலாம், அது படத்தின் குறை. ஒலி இரைந்தால் இடது, வலது என்று மாற்றிக் கேளுங்கள். சில பிரதிகளில் ஒரு பக்கம் தெளிவாக இருக்கும்.

கதை திடீரென்று தாவினால் இயக்குநரைத் திட்டுமுன் தொடக்கத்துத் தணிக்கைச் சான்றிதழில் படத்தை நிறுத்தி, நீளத்தை வாசியுங்கள். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்குச் சுமார் 27.4 மீற்றர் ஓடும். 4000 மீற்றர் என்றால் 146 நிமிடம். நமது ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறைச் சீடி சற்று வேகமாக ஓடுவதால் 140 வரை குறையலாம். அதற்கும் கீழே இருபது நிமிடம் காணாமல் போயிருந்தால் கத்தரி வைத்தவர் சீடி போட்டவராகத்தான் இருக்கும். வேறு பிரதி தேடுங்கள்.