வந்த மீனும் வாழ்ந்த மீனும்

கயல், கெண்டை, வாளை, வரால் என நீர்வாழ் உயிர்களைப் பெயர் சுட்டிப் பாடிய மொழி நம் மொழி. ஆயினும், நம் மாவட்டத்திற்கு நீர் தரும் ஆற்றுக்குரிய பெருமீன் ஒன்றைப் பற்றி நம்முள் பலர் கேள்வியுற்றதில்லை. ‘மகசீர்’ என்று நூல்கள் குறிக்கும் அதனைத் தமிழில் பொம்மீன் என்பர். காவிரிப் பொம்மீனுக்கு முதுகில் திமில் போன்ற மேடும் செம்மஞ்சள் துடுப்பும் உண்டு. 1946இல் கபினியாற்றில் தூண்டிலில் அகப்பட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ நிறையுடையதாயிருந்தது.

இத்தகு புகழ் பெற்ற மீன் அறிவியற்பெயர் இன்றியே நெடுங்காலம் இருந்தது வியப்பே. அமராவதிக்கு நீர் கொணரும் பாம்பாற்றில் கிடைத்த மீனுக்கு 2007இல் ‘டார் ரெமாதேவி’ எனப் பெயரிட்டனர். காவிரியின் திமில் மீனும் அதுவே என்பது 2018இல் தெளிவாயிற்று. அவ்வாண்டிலேயே அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது.

அணை, மணல் அள்ளுதல், வெடி வைத்து மீன் பிடித்தல் ஆகியன இதற்குக் காரணங்களே. எனினும், நல்லெண்ணத்தால் நேர்ந்த கேடு ஒன்றும் உண்டு. கிருஷ்ணா ஆற்றுப் படுகைக்குரிய நீலத்துடுப்பு மகசீரின் குஞ்சுகளை லோனாவாலாப் பண்ணையில் பொரிக்கச் செய்து, 1970களிலிருந்து காவிரியில் விட்டனர். இரண்டும் நெருங்கிய உறவினம். வேண்டும் நீரும் இரையும் பெரிதும் ஒன்றே. கர்நாடகத்துக் காலிபோரில் 1998 முதல் 2012 வரை தூண்டிற்காரர் பிடித்து விடுவித்த 6,000க்கும் மேற்பட்ட மீன்களின் குறிப்புகளை ஆய்வாளர் ஆராய்ந்தனர். மொத்த எண்ணிக்கை பெருகியிருந்தது, பெருகியது நீலத்துடுப்பு. திமில் மீனோ ஆண்டுக்காண்டு குறைந்து, முதிர்ந்த பெருமீனாக மட்டுமே அகப்பட்டது. கிழவர் இருந்து குழந்தை இல்லாத ஊர் போலத்தான்!

அங்கே பிடித்த மீன் அனைத்தையும் வேறுபாடின்றி நீரிலேயே விட்டனர். அருள்நோக்குடைய அவ்வழக்கம் வந்தேறிக்கும் ஒரே அளவில் காவலாயிற்று என்பது என் கருத்து. தேர்ந்து பிடித்தல் இதனின் வேறானது. அமெரிக்காவின் யெல்லோசுடோன் ஏரியில் 1994இல் அயல் டிரவுட் மீன் கண்டறியப்பட்டது. அது ஆழத்தில் வாழ்வது; ஏரிக்குரிய டிரவுட்டோ பெரும்பாலும் மேல்நீரில் திரிவது. ஆகவே வலையை ஆழத்தில் இறக்கி, 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட அயல்மீன்களை அகற்றினர்.

நம் நீர்நிலைகளில் இஃது எளிதன்று. 1952இல் இந்தியாவிற்கு வந்த ஜிலேபிக் கெண்டை அமராவதி அணையில் நிறைந்துள்ளது. தாய் முட்டையை வாயிலேயே வைத்துக் காப்பதால் குஞ்சுகள் பெரிதும் பிழைக்கின்றன. பெரிய கண் வலையிட்டுப் பெரியவற்றையே பிடித்தால், சிறு வயதிலேயே முட்டையிடும் குள்ள மீன்கள் மிகும். சிறிய கண் வலையிட்டால் நாட்டு மீன்களின் குஞ்சுகளும் சேர்ந்து மடியும். வலைக்கு இனம் தெரியாது. வலையை உதறுபவரின் கைக்குத் தெரியும். உயிருள்ள நாட்டு மீனை உடனே நீரில் விடும் அக்கைக்குக் கூலி எதுவும் இல்லை.

திமில் மீன் எஞ்சியுள்ள இடங்களுள் மாயாறு ஒன்று. சேவூருக்கு வடக்கே பவானிசாகரில் வந்து கலக்கும் அவ்வாறு, 2013இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் வழியே பாய்கிறது. காப்பகத்துள் வலைக்கு இடமில்லை; வந்தேறி அங்கே பெருகிவிட்டால் தேர்ந்து அகற்றுவதும் அரிது. ஆகவே மாயாற்றிலும் பவானிசாகரிலும் எந்தக் குஞ்சை விடுவது என்ற வினா, விடுமுன்னரே கேட்கப்பட வேண்டியது.