மாடியில் ஓர் அன்னாசிக் குடும்பம்



'புரோமிலியாட்' என்று சொன்னால், "அது எந்தக் கம்பெனி மாத்திரைடா?" என்று கேட்கிறார்கள் எங்கள் வகுப்பில். மாத்திரை இல்லீங்க, செடி! அந்தக் குடும்பத்தில் ஒருவரை நம் எல்லோருக்கும் தெரியும். கொல்லிமலையில் விளைகிற அன்னாசிதான் அவர்!

இந்தக் குடும்பத்தில் 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒன்றே ஒன்றைத் தவிர, மற்ற எல்லாவற்றுக்கும் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டங்கள். அன்னாசியை 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அழகுக்காக வளர்க்கும் மற்ற இனங்கள் நர்சரிகள் மூலமாக நம் வீடுகளுக்கு வந்தன.

நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது பெங்களூர் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் இரண்டு செடி வாங்கி வந்தேன். டிப்ளமோ மூன்றாம் ஆண்டில் எங்கள் மொட்டை மாடியில் மொத்தம் 37 தொட்டி! "இன்னாடா இது, மாடியா காடா? துணி காயப்போட இடமில்லை" என்று அம்மா சத்தம் போட ஆரம்பித்தார்கள்.

எப்படிப் பெருகுகிறது?

வாழையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை குலை தள்ளியதும் தாய்மரம் முடிந்தது. பக்கக் கன்றுதான் வாரிசு. இதுவும் அப்படியே. ஒரு செடி ஒரு முறைதான் பூக்கும். பிறகு மெல்ல வாடும். அதற்குள் அடியில் இரண்டு, மூன்று கன்று விட்டுவிடும். முதல் செடி வாடியபோது, நோய் என்று நினைத்து நான் அதற்கு உரம் மேல் உரம் போட்டதுதான் மிச்சம்!

கன்று, தாயின் உயரத்தில் பாதி வந்த பிறகு கத்தியால் பிரித்து நடலாம். அவசரப்பட்டுப் பிரித்தால் பிழைக்காது.

நம் ஊர் வெயிலுக்கு எது ஆகும்?

சித்திரை, வைகாசியில் நம் மலைப்பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில் கக்கும். குஸ்மேனியா, விரீசியா இரண்டும் அந்த வறட்சியில் நுனி கருகிப் போயின. நியோரெகேலியா, எக்மியா, பில்பெர்ஜியா, கிரிப்டாந்தஸ் நான்கும் நிழல்வலைக்குக் கீழே தாக்குப் பிடித்தன.

வளர்ப்பு முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. வெறும் மண் கூடாது. தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, செங்கல் ஜல்லி, கொஞ்சம் இலை மக்கு. வேர் முக்கியமாகப் பிடிமானத்துக்குத்தான். தண்ணி தேங்கினால் அழுகிவிடும்.

2. போர் தண்ணீர் இலையில் உப்புப் படிய வைக்கும். மழைத் தண்ணியைப் பிடித்து வைத்து ஊற்றுவது நல்லது. பிடித்து வைக்கும் டிரம்மை இறுக மூடணும்.

3. செம்பு இதற்கு விஷம். மயில்துத்தம் கலந்த போர்டோ கலவையைத் தெளிக்கவே கூடாது.

4. முற்றிய செடி பூக்கவில்லையா? குருத்துத் தண்ணியைக் கவிழ்த்துவிட்டு, பழுத்த ஆப்பிளோடு பிளாஸ்டிக் கவரில் மூடி, நிழலில் ஒரு வாரம் வையுங்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும். அன்னாசித் தோட்டத்தில் எத்தஃபான் தெளிப்பதும் இதே தத்துவம்தான்.

5. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நம்பர். நோட்டில் பெயர், நட்ட தேதி, பூத்த தேதி, கன்று எண்ணிக்கை எழுதுங்கள். லேபிளில் பென்சிலால் எழுதினால் வெயிலுக்கு அழியாது.

அந்த ஐப்பசி மாதம்

இப்போது சொல்லப் போவதுதான் முக்கியம். இந்தச் செடிகளில் பலவற்றுக்கு இலைகள் சேரும் நடுக்குருத்து ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும். அதில் நிற்கும் தண்ணீரைத்தான் செடி குடிக்கிறது. கொசுவுக்கும் அது பிடிக்கும்!

போன ஐப்பசியில் செமஸ்டர் பரீட்சை என்று மூன்று வாரம் நான் மாடிப்பக்கமே போகவில்லை. மழை வேறு. தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்றார்கள். நான்கு நாள் ஆஸ்பத்திரி. அந்த வாரமே கொசு ஒழிப்பு வேலைக்கு வந்த அக்கா மாடியேறிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தச் செடிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு" என்றார். பார்த்தேன். புழுக்கள் நெளிந்தன. பதினோரு தொட்டியில்!

தங்கையைக் கடித்த கொசு என் செடியில் பிறந்ததுதான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இல்லை என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. அவள் வீட்டுக்கு வந்த பிறகு என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

2016-ல் அமெரிக்காவின் மயாமி பீச்சில் ஜிகா பரவியபோது, நகர நிர்வாகமே பொது இடங்களில் இருந்த புரோமிலியாட் செடிகளைப் பிடுங்கி எடுத்தது என்று பிறகுதான் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு தடவை குருத்துத் தண்ணியை மாற்றினால் சங்கிலி அறுந்துவிடும். தொட்டியைக் காய்ந்த தரையில் கவிழ்த்து, பிறகு ஹோஸ் பைப்பால் வேகமாகப் பீய்ச்சணும். முட்டை, தண்ணி விளிம்பில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், புழுவோடு செடியும் போய்விடும்.

ஒரு தொட்டிக்கு ஒன்றரை நிமிஷம். 37 தொட்டிக்கு ஏறக்குறைய 55 நிமிஷம். பரீட்சை சமயத்திலும் தவறாமல் என்னால் ஒதுக்க முடிவது அரை மணி நேரம்தான். அப்படியானால் நான் வைத்துக்கொள்ளத் தகுந்தது 20 தொட்டி! மாடியில் எத்தனை வைக்க இடமிருக்கிறது என்பது கணக்கே இல்லை. வாரத்தில் எத்தனையைக் கழுவ முடியும் என்பதுதான் கணக்கு. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு வருஷம் ஆயிற்று.

17 தொட்டியைக் கொடுத்துவிட்டேன். வருஷா வருஷம் கன்று வரும். வந்தால் ஒன்று கொடுக்கணும், இல்லை பழசை எடுக்கணும். 20-க்கு மேல் 21 கிடையாது. புதிதாக ஆசை வந்தால், தண்ணி தேங்காத டில்லான்சியா, கிரிப்டாந்தஸ் பக்கம் போகிறேன். டில்லான்சியாவுக்கு மண்கூட வேண்டாம், கட்டையில் கட்டித் தொங்கவிடலாம்.

இப்போது ஞாயிறு காலையில் பைப்பைப் பிடிப்பது என் தங்கைதான். டார்ச் அடித்துப் பார்ப்பது நான்.

நண்பர்களே, கன்று வேண்டுமானால் கேளுங்கள், காசு வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை நிமிஷம் தருவீர்கள் என்று முதலில் சொல்லணும்!

- மூன்றாம் ஆண்டு, கட்டடப் பொறியியல்