ஆறாயிரம் ரூபாய் டேப்லெட்: வாங்கலாமா?

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, அடுத்த வீட்டு மாணவி ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறவள். பெட்டிக்குள் ஏழு அங்குல டேப்லெட் ஒன்று இருந்தது. தையற்கடை வைத்திருக்கும் அவள் தந்தை ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது. பிடிக்காவிட்டால் மூன்று நாளைக்குள் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தாராம்.

"மாமா, இது நல்லதா?" என்று கேட்டாள்.

"எதற்கு?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு மூன்று வேலைகளைச் சொன்னாள். ஆசிரியர் அனுப்பும் பாடக்குறிப்புகளைப் படிக்க வேண்டும். காணொளிப் பாடங்களைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை, அதாவது இரண்டு ஆண்டுகள், கருவி உழைக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டோம். பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த பெரிய எழுத்துகளை அதன் பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை.

மலிவு டேப்லெட்டைப் பற்றிப் பேசும்போது "ஆகாஷ்" நினைவுக்கு வராமல் இராது. மாணவர்களுக்காக 2011 அக்டோபர் 5 அன்று புதுடெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் அதை வெளியிட்டார். டேட்டாவிண்ட் நிறுவனம் தயாரித்தது. அரசு வாங்கிய விலை ஒன்றுக்குச் சுமார் 50 டாலர். ஏழு அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலகம், 256 மெகாபைட் தற்காலிக நினைவகம். இரண்டு யு.எஸ்.பி. துளைகள்கூட இருந்தன. இத்தனையும் அந்த விலைக்கா என்று உலகமே வியந்தது. ஆனால் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் திரையை அழுத்தி அழுத்திச் சலித்தார்கள். காரணம், அந்தத் திரை அழுத்தத்தால் இயங்கும் வகை. மெல்லிய இடைவெளியுடன் இரண்டு கடத்தும் படலங்கள் இருக்கும். மேற்படலம் வளைந்து கீழ்ப்படலத்தைத் தொட்டால்தான் விரல் வைத்த இடம் கருவிக்குத் தெரியும். இன்றைய திரைகளோ மின்தேக்கு வகையைச் சேர்ந்தவை. விரல் அருகே வந்ததும் அவ்விடத்தின் மின்தேக்குத் திறன் மாறுகிறது, அந்த மாற்றத்தைக் கருவி உணர்கிறது, அழுத்தவே தேவையில்லை. 2012 நவம்பர் 11 அன்று வெளியான "ஆகாஷ் 2" மின்தேக்குத் திரையுடனும் ஒரு கிகாஹெர்ட்ஸ் செயலகத்துடனும் வந்தது. பட்டியலில் ஒரு சொல்தான் மாறியது. பயன்படுத்தியவருக்கோ அது வேறு கருவி!

உங்கள் கருவியின் திரை எந்த வகை என்று அறிய, பென்சிலின் மரமுனையால் தொட்டுப் பாருங்கள். வேலை செய்தால் அழுத்தத் திரை; செய்யாவிட்டால் மின்தேக்குத் திரை.

இனி, மாணவியின் முதல் தேவைக்கு வருவோம். அவளுடைய டேப்லெட்டின் திரையில் நெடுக்கில் 1024, குறுக்கில் 600 புள்ளிகள். ஏழு அங்குலம் என்பது மூலைவிட்டத்தின் நீளம். ஆகவே பிதாகோரஸ் தேற்றம் இங்கே கைகொடுக்கும். 1024-இன் வர்க்கத்தையும் 600-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், மூலைவிட்டத்தில் ஏறத்தாழ 1187 புள்ளிகள். ஏழால் வகுக்க, அங்குலத்துக்குச் சுமார் 170 புள்ளிகள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால், ஒரு புள்ளியின் அகலம் 0.15 மி.மீ. ஆகிறது.

இது போதுமா? நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோண இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறியும். 30 செ.மீ. தொலைவில் அந்த இடைவெளி 0.087 மி.மீ. மட்டுமே. அதாவது இந்தத் திரையின் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும். எழுத்தின் வளைவுகள் படிக்கட்டுபோல் தோன்றும். கையை நீட்டி 50 செ.மீ.க்கு அப்பால் பிடித்தால் புள்ளிகள் மறைந்துவிடும், உண்மைதான். எழுத்தும் சிறிதாகிவிடுமே!

ஆசிரியரின் குறிப்புகள் 21 செ.மீ. அகலமுள்ள ஏ-4 தாளில் அச்சிடுவதற்கென்று அமைக்கப்பட்டவை. இந்தத் திரையின் அகலத்தை அளவுகோலால் அளந்தோம்: 9 செ.மீ. ஆக, முழுப் பக்கமும் திரைக்குள் வரும்போது எல்லாமே 43 சதவீதமாகச் சுருங்குகிறது. தாளில் 2.5 மி.மீ. உயரமுள்ள எழுத்து, திரையில் 1.1 மி.மீ.கூட இராது, அதை வரைவதற்குக் கிடைப்பவை ஏழே புள்ளிகள். ஆங்கிலத்தின் 'எல்' எழுத்தை ஏழு புள்ளி உயரத்தில் வரைந்துவிடலாம். நம்முடைய 'ண'கரத்துக்கும் 'ன'கரத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரேயொரு சுழி. ஏழு புள்ளிக்குள் அந்தச் சுழி எங்கே போகும்? வரைபடத்தாளில் ஏழு கட்ட உயரத்துக்குள் 'ண', 'ன', 'ஞ' மூன்றையும் கட்டங்களை நிரப்பி எழுதிப் பாருங்கள். நான் சொல்வது விளங்கும்.

டேப்லெட்டைக் குறுக்காகத் திருப்பியபோது அகலம் 15 செ.மீ.க்குச் சற்று மேல். எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள். படிக்க முடிந்தது. ஆனால் பக்கத்தில் பாதிகூடத் திரையில் தெரியவில்லை; இயற்பியல் கணக்கு ஒன்றின் படம் மேலேயும் வினா கீழேயுமாகப் பிரிந்து நின்றது. மாணவியின் முகம் சற்று வாடியது. காணொளிப் பாடங்களுக்கு இதே திரையைக் குறை சொல்வதற்கில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரும்பலகை எழுத்து பெரிது, படமும் தெளிவு.

அடுத்து, மின்கலம். பெட்டியில் 3000 மில்லி ஆம்பியர்-மணி என்றிருந்தது. இது ஆற்றல் அன்று, மின்னூட்டத்தின் அளவு. லித்தியம் அயனிக் கலத்தின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால்தான் ஆற்றல் கிடைக்கும்: 3 × 3.7 = 11.1 வாட்-மணி. ஒரு காணொளியை ஓடவிட்டு, அளவு 90 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்கு இறங்கும் நேரத்தைக் குறித்தோம். (நூறிலிருந்து தொடங்க வேண்டாம், முதல் சில சதவீதங்கள் மெதுவாக இறங்குவதுபோல் காட்டும் கருவிகள் உண்டு.) ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. பாதிக்கு 100 நிமிடம் என்றால் முழுமைக்கு 200 நிமிடம், கருவி 3.3 வாட் செலவிடுகிறது. மாலை நேரப் படிப்புக்கு இது போதும் என்று முடிவு செய்தோம். ஆனால் இத்தகைய கலம் சில நூறு முறை மின்னேற்றிய பிறகு கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கையாவது இழப்பது இயல்பு. தினமும் ஏற்றினால் இரண்டாம் ஆண்டில் மூன்று மணி நேரத்தை எதிர்பார்க்கக் கூடாது.

நினைவகத்தில் ஒரு சிறிய சூட்சுமம் உண்டு. தயாரிப்பாளருக்கு ஒரு கிகாபைட் என்பது நூறு கோடி பைட். கணினிகள் பலவற்றுக்கோ 2-இன் முப்பதாம் அடுக்கு, அதாவது 107 கோடிக்கும் மேல். பெட்டியில் "16" என்று இருப்பது இப்படித் திரையில் 14.9 ஆகிறது. இயங்குதளம் தன் இடத்தை எடுத்துக்கொண்டது போக, மாணவிக்கு மிஞ்சியது ஒன்பதுதான். அட்டை செருகிக் கூட்டிக்கொள்ளலாம் என்பதால் இதைப் பெரிய குறையாக நாங்கள் எழுதவில்லை. தற்காலிக நினைவகம் அப்படியன்று. அது படிக்கும் மேசை போன்றது, மற்றது அலமாரி. அலமாரியைப் பிறகு பெரிதாக்கலாம், மேசையை முடியாது. வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பார்த்த ஒன்றுதான் விஷயத்தை முடித்து வைத்தது. அமைப்புகள் பகுதியில் "டேப்லெட் பற்றி" என்ற பக்கத்தில், பாதுகாப்புத் திருத்தம் கடைசியாக எப்போது வந்தது என்ற தேதி இருக்கும். புதுப்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த அந்தக் கருவியில் அத்தேதி இரண்டரை ஆண்டுகளுக்கு முந்தையது! இதனால் என்ன? ஆண்ட்ராய்டு 2.3.7-க்கும் அதற்கு முந்தைய பதிப்புகளுக்கும் 2021 செப்டம்பர் 27 முதல் கூகுள் தன் கணக்குக்குள் நுழையும் வசதியை நிறுத்திவிட்டது. ஆகாஷ் ஓடியது 2.2 பதிப்பில். திரையும் கலமும் பழுதில்லாமல் இருந்தாலும், மென்பொருளின் ஆயுள் முடிந்தால் கருவியின் பயன் சுருங்கிவிடுகிறது. மலிவுக் கருவிகளில் பெரும்பாலும் வெட்டப்படும் செலவு இந்தப் பராமரிப்புதான். அது கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காட்டக்கூடிய பொருள் அல்லவே.

பிறகு கடை ரசீதின் பின்புறத்தில் மாணவி ஒரு கணக்குப் போட்டாள். ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். இரண்டு ஆண்டு உழைத்தால் 1200 மணி. ஆறாயிரத்தை வகுத்தால் மணிக்கு ஐந்து ரூபாய். ஓராண்டிலேயே மூலையில் போட நேர்ந்தால் பத்து ரூபாய். பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கருவி நான்கு ஆண்டு உழைத்தால் அதற்கும் மணிக்கு ஐந்து ரூபாய்தான். "அப்படியானால் விலை அதிகமானதுதான் நல்லதா?" என்றாள். அந்த நான்கு ஆண்டு உறுதியானால் மட்டுமே. பன்னிரண்டாயிரத்தை இன்று ஒரே தவணையில் எடுத்து வைக்க அவள் தந்தையால் முடியாது என்பதையும் கணக்கில் சேர்க்கத்தானே வேண்டும்?

மறுநாள் கருவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பணத்தைத் தந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து, பள்ளிச் சீருடைத் தையல் முடிந்த கையோடு, ஒருவர் ஓராண்டு பயன்படுத்திய பத்து அங்குல டேப்லெட் ஒன்று ஒன்பதாயிரத்துக்கு அவர்களுக்குக் கிடைத்தது. இம்முறை மாணவி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. விற்பவர் வீட்டுக்கு அளவுகோலையும் கடிகாரத்தையும் எடுத்துப் போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து தானே சோதித்திருக்கிறாள். மின்கலம் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவாம். திருத்தத் தேதி முந்தின மாதத்தது. 'ண'கரத்தின் மூன்று சுழியும் தெரிகின்றனவாம்.