லைசன்ஸுக்கு வயதில்லை

எனக்கு 42 வயது. மலாய் சரளமாக வராது. கார் லைசன்ஸுக்கான கணினித் தேர்வை நினைத்தாலே கை நடுங்குகிறது. எப்படித் தயாராவது?
– வாசகி, லாபிஸ்

நடுங்க வேண்டாம், சகோதரி. 50 கேள்விகளில் தேர்ச்சிக்குத் தேவை 42 சரியான விடைகள். உங்கள் வயதேதான்! எட்டுத் தவறு வரை மன்னிப்பு உண்டு. இந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஓட்டுநர் பள்ளியில் பதியும்போதே தமிழ் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

முதலில் சாலைக் குறிகள். மஞ்சள் சாய்சதுரம் என்றால் எச்சரிக்கை, சிவப்பு வளையம் என்றால் தடை, நீல வட்டம் என்றால் கட்டளை. இந்த மூன்றும் மனத்தில் நின்றால் பார்த்திராத குறியையும் ஊகித்துவிடலாம். சிகாமாட்டுக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். கூட்டரசுச் சாலை முழுக்க இலவச டியூஷன்தான். அதில் பொது வேக வரம்பு 90, ஊருக்குள் 60.

பலர் சறுக்குவது 'கெஜாரா' எனும் போக்குவரத்துக் குற்றப் புள்ளிகளில். சிவப்பு விளக்கை மீறினால் 4 புள்ளி. புது ஓட்டுநரான 'பி' லைசன்ஸ்காரர் 10 புள்ளி சேர்த்தால் லைசன்ஸ் ரத்து. இதை மட்டும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

45 நிமிடம் தாராளம். கேள்வியை இருமுறை படித்துவிட்டு விடையை அழுத்துங்கள்.