கருவின் வயிற்றைப் படமெடுக்கப் பழகுவோருக்கு

சிங்கப்பூரில் தேக்காவை ஒட்டி, புக்கிட் தீமா சாலையில் இருக்கிறது கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. பழைய கட்டடத்தில் இருந்த காலத்தில், 1966இல் மட்டும் 39,835 பிரசவம் பார்த்துக் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அந்தப் பிள்ளைகளில் யாருக்காவது குடலடைப்பு இருந்திருந்தால், பிறந்து பச்சை வாந்தி எடுத்த பிறகுதான் தெரிந்திருக்கும். இன்று அல்ட்ராசவுண்டிலும் எம்ஆர்ஐயிலும் முன்கூட்டியே பார்க்க வழியுண்டு. அதைக் கெடுக்காமல் செய்யச் சில சொற்கள்.

1. அல்ட்ராசவுண்ட் அறிக்கையை வாசிக்காமல் தாயை எம்ஆர்ஐ மேசையில் ஏற்றாதீர்கள். குடல் கிழிந்து மலம் கசிந்த இடத்தில் படியும் சுண்ணாம்பு அல்ட்ராசவுண்டில் பளிச்சென்று தெரியும், எம்ஆர்ஐயில் நழுவிவிடும்.

2. எம்ஆர்ஐயில் டி1, டி2 என இருவகைப் படம் எடுப்போம்; டி1 படத்தை விடவே விடாதீர்கள். புதியவர்கள் டி2வில் மயங்குவார்கள். நீரெல்லாம் வெள்ளையாக, கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் வயிற்றின் கதையைச் சொல்வது மெக்கோனியம், நம் பாட்டிமார் சொல்லும் காட்டுப்பீ. அது டி1இல் வெள்ளையாக ஒளிரும், டி2வில் கறுக்கும். ஏறத்தாழ 20 வாரத்துக்குப் பிறகு மலக்குடலில் அது தெரிய வேண்டும், சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே 10 மில்லிமீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். மேல் சிறுகுடலில் அடைப்பு என்றால் பெருங்குடல் பெரும்பாலும் நிறைந்தே இருக்கும். அடைப்பு சிறுகுடலின் கடைசியில் என்றால் பெருங்குடல் நூலாய்ச் சுருங்கிக் கிடக்கும். பெண் கருவில் மலக்குடல் ஒளியையே காணோம், இடுப்பில் நீர்க்கட்டி ஒன்று நிற்கிறது என்றால், மலம், சிறுநீர், பிறப்புப் பாதைகள் ஒன்றாய்க் கலந்த குறையை நினையுங்கள்.

3. உதரவிதானத்தில் ஓட்டை என்று அனுப்பினால், கல்லீரல் எங்கே என்று முதலில் தேடுங்கள். அதுவும் டி1இல் வெளுப்பாகத் தெரியும். நெஞ்சுக்குள் ஏறியிருந்தால் அறிக்கையின் முதல் வரியே அதுதான்.

4. டி1 எடுக்கும்போது தாய் பதினைந்து இருபது வினாடி மூச்சை அடக்க வேண்டியிருக்கும். அறைக்கு வெளியிலேயே, அவர் மொழியிலேயே பழக்குங்கள். மல்லாந்து மயக்கம் வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். பிள்ளை உதைத்துப் படம் கலைந்தால் அலுக்காமல் திரும்ப எடுங்கள். உதைப்பது நல்லதுதானே!

5. கடோலினியம் மருந்து வேண்டாம். நஞ்சுக்கொடி தாண்டிப் பனிக்குட நீரில் இறங்கும், கரு அதையே விழுங்கும்.

6. முடிந்ததும் தாய், “பிள்ளை நல்லாருக்கா?” என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார். “டாக்டர் உக்காந்து விளக்குவாரும்மா” என்பதோடு நிறுத்துங்கள். மகப்பேறு மருத்துவரும் குழந்தை அறுவை மருத்துவரும் தாயோடு சேர்ந்து பேசும் நாள் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.